ஆபீசை விட்டு அப்பாவின் காப்பித்தூள் கடைக்கு

ஐ.டி. வேலையில் இருந்துகொண்டு, வீட்டில் ஒரு கடையோ குடோனோ வைத்திருக்கும் என் வயதுக்காரர்கள் பெங்களூரில் நிறையப் பேர். அவர்கள் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான்: வேலையை விட்டுவிட்டுக் கடைக்கு வரலாமா? நான் திருப்பிக் கேட்பதும் ஒரே கேள்விதான். உங்கள் கடையில் இன்று சரக்கு வாங்கப் போட்ட பணம் எத்தனை நாள் கழித்துக் கல்லாவுக்குத் திரும்பி வருகிறது என்று தெரியுமா? பெரும்பாலும் தெரிவதில்லை. வருடத்துக்கு எவ்வளவு விற்பனை என்று தெரிகிறது, கடை தாத்தா காலத்தில் ஆரம்பித்தது என்று தெரிகிறது, அப்பா விடியற்காலையில் போய் இரவு பத்து மணிக்குத்தான் வருகிறார் என்று தெரிகிறது. அந்த நாட்கணக்கு மட்டும் தெரியாது. அது தெரியாமல் ராஜினாமாக் கடிதம் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுடையது அல்சூரில் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கும் கடை. தாத்தா தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்து ஆரம்பித்தது, இப்போது அப்பாவும் சித்தப்பாவும். முன்பக்கம் சில்லறை, வீட்டுக்காரர்கள் வந்து கால் கிலோ, அரைக் கிலோ அரைத்து வாங்கிப் போவார்கள். பணம் உண்மையில் புழங்குவது பின்பக்கத்தில்: மெஸ், நின்றுகொண்டே சாப்பிடும் தர்ஷினி ஹோட்டல், டீக்கடை, அலுவலகக் கேண்டீன் எடுத்து நடத்துபவர்கள், கல்யாணச் சமையல்காரர்கள். நான் 2013-ல் அவுட்டர் ரிங் ரோட்டில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்து, கடைசி வரை சப்ளையர்களுக்குப் பணம் கொடுக்கும் பிரிவில் இருந்தேன். பில் வந்தால் சரிபார்ப்பது, எங்கள் ஆர்டரின் கொள்முதல் எண் பொருந்துகிறதா என்று பார்ப்பது, என்றைக்குப் பணம் போக வேண்டும் என்று வரிசைப்படுத்துவது. 2023 கடைசியில் விலகிக் கடைக்கு வந்தேன். அப்பாவுக்கு மூட்டு வலி, சித்தப்பா தனியாகக் கடையையும் வசூலையும் பார்க்க முடியவில்லை, எனக்கும் கொட்டை வறுக்கும் அந்த இரும்பு டிரம் சுற்றும் சத்தம் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். காரணம் இவ்வளவுதான், பெரிய கனவு என்றெல்லாம் எதுவும் இல்லை.

விலகுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விலகிய பிறகு இவற்றில் சிலதைச் செய்யவே முடியாது. முதலாவது மருத்துவக் காப்பீடு. நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் அப்பா அம்மா இருந்தால், உங்கள் கடைசி வேலை நாளோடு அது முடிந்துவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி இருக்கிறது, வேலையில் இருக்கும்போதே எழுதிக் கேட்க வேண்டும். புதிதாக எடுத்தால் ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு, இப்போது அது அதிகபட்சம் 3 ஆண்டு. இரண்டாவது வீட்டுக்கடன். சம்பளச் சீட்டும் நிறுவனம் தரும் வரிப் பிடித்தச் சான்றும் கையில் இருக்கும்போது வங்கி நம்மைப் பார்க்கும் பார்வை வேறு, தொழில் செய்பவர் என்றால் இரண்டு மூன்று வருட வருமான வரிக் கணக்கைக் கேட்பார்கள், நீங்கள் கடைக்கு வந்து அந்தக் கணக்கு சேரும் வரை பெரிய கடன் எதுவும் சுலபத்தில் கிடைக்காது. வாங்கும் எண்ணம் இருந்தால் முன்பே வாங்கிவிடுங்கள், ஆனால் தவணையைச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடாமல் கடையிலிருந்து எடுக்கப்போகும் தொகையை வைத்துக் கணக்குப் போடுங்கள். மூன்றாவது பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி. ஐந்து ஆண்டு முடியச் சில மாதம்தான் பாக்கி என்றால் பொறுத்திருந்து வாங்கிக்கொண்டு வரலாம். வருங்கால வைப்புநிதியில் கை வைக்காதீர்கள், வைத்தால் அது கொட்டை மூட்டையாக மாறி அரைந்து போய்விடும். பத்து ஆண்டு சேவை இருந்தால் ஓய்வூதியத் தகுதி வரும், எனக்கு அது வந்தது, ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் மாதம் இரண்டாயிரம் சொச்சம், அதற்காக யாரும் வேலையில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

இன்னொன்று, இதை எல்லாரும் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். கடையில் எனக்கு மாதச் சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதி, எந்தக் கணக்கில் வரும் என்று அப்பாவிடமும் சித்தப்பாவிடமும் முன்கூட்டியே பேசினேன். அப்பாவுக்கு முகம் சுருங்கியது. "நம்ம கடையில நீ சம்பளமா வாங்குவே?" என்றார். சித்தப்பா யோசித்துவிட்டு, "கேக்குறது நல்லதுதான் அண்ணே, நாளைக்கு யாரும் எதுவும் சொல்லக் கூடாது" என்றார். என் பழைய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குதான் முடிவானது, இருந்தாலும் அது ஒரு வரியாகக் கணக்கில் எழுதப்பட்டது. சம்பளம் இல்லாமல் 'வேண்டியதை எடுத்துக்கொள்' என்று வரும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எடுக்கும்போது குற்ற உணர்ச்சி, எடுக்காதபோது மனக்குறை, நடுவில் கடைக்கு உண்மையில் லாபம் வருகிறதா என்பதே தெரியாமல் போய்விடுகிறது. வீட்டு ஆள் இலவசமாக உழைப்பதால் மட்டும் லாபம் காட்டும் கடைக்கு வேலையை விட்டு வருவதில் அர்த்தம் இல்லை.

வந்த புதிதில் இணையதளம், புதிய பாக்கெட், லோகோ என்று ஆரம்பிப்பது எல்லோருக்கும் வரும் ஆசை. நான் கல்லாவில் உட்கார்ந்தேன், அங்கே முடிந்ததும் வறுவல் டிரம் பக்கத்தில் நின்றேன். எங்கள் கடையில் வறுக்கும் அண்ணனுக்கு அப்பாவைவிடச் சில வயதுதான் குறைவு, என்னைப் பாவாடை கட்டிய காலத்திலிருந்து 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார், இன்றைக்கும் அப்படித்தான். கொட்டை பச்சையிலிருந்து மஞ்சளாகி, பழுப்பாகி, படபடவென்று வெடிக்கும் சத்தம் வரும் வரை அவர் எதையும் பார்ப்பதில்லை, காதும் மூக்கும்தான். அவர் விடுப்பில் போனால் கடையின் ருசியே மாறும், ஹோட்டல்காரர்கள் போன் செய்வார்கள். அவரை மாற்றுவது என் வேலை இல்லை, அவர் செய்வதை எழுதி வைப்பது என் வேலை என்று எடுத்துக்கொண்டேன். டிரம்மில் ஒரு வெப்பமானி பொருத்தி, அவர் எப்போது தீயைக் குறைக்கிறார், எப்போது கொட்டுகிறார் என்று ஒரு நோட்டில் எழுதினேன். முதலில் அவருக்குப் பிடிக்கவில்லை. மழைக்காலத்தில் கொட்டை ஈரம் ஏறி வறுவல் தாமதமாவதை நோட்டு காட்டியபோது, "இதத்தான் நான் இத்தனை வருஷமா சொல்றேன்" என்றார், அதன் பிறகு நோட்டை அவரே கேட்டு வாங்கிப் பார்க்க ஆரம்பித்தார். ஈரமானி வாங்கியதும், மூட்டைகளைத் தரையிலிருந்து தூக்கிப் பலகை மேல் அடுக்கியதும் அதற்கப்புறம்தான்.

பெங்களூரில் இருப்பதில் ஒரு வசதி, மத்திய அரசின் காபி போர்டின் தலைமையகம் இங்கேதான் இருக்கிறது. அவர்கள் நடத்தும் 'காப்பி சாஸ்திரா' என்ற குறுகிய காலப் பயிற்சியில் வறுவல், ருசி பார்ப்பது, ரகம் பிரிப்பது எல்லாம் சொல்லித் தருகிறார்கள். குடும்பத் தொழிலுக்கு வருபவர் யாராக இருந்தாலும், அந்தத் தொழிலை வீட்டுக்கு வெளியே ஒருமுறையாவது படிப்பது நல்லது. பிளாண்டேஷன் ஏ என்றால் கழுவிப் பதப்படுத்திய அராபிகா ரகக் கொட்டை, செர்ரி என்றால் பழத்தோடு காயவைத்தது, பீபெரி என்றால் ஒற்றை விதை உருண்டைக் கொட்டை என்று வீட்டில் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஏன் ஒன்றுக்கு ஒன்று விலை மாறுகிறது என்பது மட்டும் அப்பாவைக் கேட்டால், "அது அப்படித்தான்மா" என்று முடிந்துவிடும்.

அப்பா தொழில் பழகிய காலத்தில் தோட்டக்காரர்கள் கொட்டையைக் காபி போர்டுக்குத்தான் கொடுக்க வேண்டும், கடைக்காரர்கள் போர்டு ஏலத்தில் எடுப்பார்கள். தொண்ணூறுகளில் அந்த முறை படிப்படியாகத் தளர்ந்து 1996-ல் முழுவதும் திறந்துவிட்டார்கள். அதிலிருந்து சிக்மகளூர் காப்பி மூட்டையின் விலையை முடிவு செய்வது நியூயார்க் சந்தையும் லண்டன் சந்தையும். அராபிகாவுக்கு நியூயார்க், ரொபஸ்டா என்ற இன்னொரு ரகத்துக்கு லண்டன். நான் வந்த சில மாதங்களிலேயே இதன் அர்த்தம் எங்கள் குடோனுக்குள் வந்து நின்றது. வியட்நாமிலும் பிரேசிலிலும் வறட்சி, 2024-ல் லண்டனில் ரொபஸ்டா டன்னுக்கு 5,000 டாலரைத் தாண்டியது, 2025 பிப்ரவரியில் நியூயார்க்கில் அராபிகா பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. இங்கே ரொபஸ்டா செர்ரி 50 கிலோ மூட்டை பத்தாயிரம் ரூபாயைத் தாண்டிப் போனது, அப்பா தன் வாழ்நாளில் பார்க்காத விலை.

இந்த இடத்தில்தான் நான் முதலில் கேட்ட கேள்வி வருகிறது. கொட்டையை வறுத்தால் எடை குறையும், சாதாரணமாக 15 முதல் 20 சதவீதம். 100 கிலோ பச்சைக் கொட்டை போட்டால் 82 கிலோ வறுத்த கொட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சைக் கொட்டை கிலோ 400 ரூபாய் என்றால் வறுத்தது 488. அதுவே 500 ஆனால் 610. கொட்டையில் நூறு ரூபாய் ஏறினால் நம் அடக்கத்தில் 122 ஏறுகிறது, கேஸ், கரண்ட், கூலி எல்லாம் தனி. கொட்டை நூறு ஏறியிருக்கிறது, நாமும் நூறு ஏற்றுவோம் என்று ஏற்றும் கடை ஒவ்வொரு கிலோவுக்கும் கையிலிருந்து கொடுக்கிறது. இந்தக் கணக்கு சித்தப்பாவுக்குத் தெரியாமல் இல்லை, ஆனால் விலை மெல்ல ஏறி இறங்கிய காலத்தில் அவருக்கு அதை வாரா வாரம் போட வேண்டிய தேவை இருந்ததில்லை.

இதைவிடப் பெரியது அடுத்த கணக்கு. உதாரணத்துக்கு ஒரு கடை மாதம் 1,000 கிலோ தூளை ஹோட்டல்களுக்கு 45 நாள் கடனில் கொடுக்கிறது என்று வையுங்கள். எந்த நேரத்திலும் 1,500 கிலோவுக்கான பணம் வெளியே நிற்கும். கிலோ 400 ரூபாயாக இருந்தபோது அது 6 லட்சம். 700 ரூபாய் ஆனதும் 10.5 லட்சம். ஒரு கிலோகூட அதிகம் விற்கவில்லை, ஒரு வாடிக்கையாளர்கூடப் புதிதாக வரவில்லை, ஆனால் நாலரை லட்சம் ரூபாய் கூடுதலாக வெளியே போய் நிற்கிறது. அதே நேரத்தில் கொட்டை வியாபாரிகள் கடனை நிறுத்திவிட்டு ரொக்கம் கேட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கும் அதே நெருக்கடி. குடோனில் இருக்கும் மூட்டைக்கும் அதே மாதிரி கூடுதல் பணம். லாபத்தில் இருக்கும் கடை பணமில்லாமல் நிற்பது இப்படித்தான். விற்பனைத் தொகை ஏறியதைப் பார்த்து வீட்டில் சந்தோஷப்பட்டார்கள், எனக்கு இரவில் தூக்கம் வரவில்லை.

வங்கியில் எங்களுக்கு ஒரு கேஷ் கிரெடிட் கணக்கு, அதாவது ஒரு வரம்புக்குள் வேண்டும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் கடன் கணக்கு இருந்தது, பல வருடமாக அதே வரம்பு. சிறு தொழில்களுக்கு வருடாந்தர எதிர்பார்க்கும் விற்பனையில் 20 சதவீதம் அன்றாடம் கடை ஓட வேண்டிய நடைமுறை மூலதனமாகக் கொடுப்பது வங்கிகளில் இருக்கும் வழக்கமான கணக்கு. விற்பனைத் தொகை ஏறியதைக் காட்டி வரம்பை உயர்த்தக் கேட்டேன். அவர்கள் கேட்டது ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், இருப்புப் பட்டியல், யார் எவ்வளவு பாக்கி எத்தனை நாளாக என்ற பட்டியல். மூன்றாவது பட்டியல் எங்களிடம் இல்லை, அது அப்பாவின் மனதிலும் சித்தப்பாவின் சட்டைப் பாக்கெட் சிட்டையிலும் இருந்தது. பொதுவாக 90 நாளைத் தாண்டிய பாக்கியை வங்கி கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது. அந்தப் பட்டியலை உட்கார்ந்து போட்டபோது குடும்பமே முதல் முறையாக அதைப் பார்த்தது. மூன்று வாடிக்கையாளர்கள் மட்டும் மொத்தப் பாக்கியில் பாதியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், அந்த மூவருக்கும்தான் நாங்கள் இருப்பதிலேயே குறைந்த விலை கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அதனால் கடைக்கு வரப்போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் வேலை இதுதான். ஆபீசில் இருக்கும்போதே, ஒரு சனிக்கிழமை கடைக்குப் போய் அந்தப் பாக்கிப் பட்டியலைப் போடுங்கள். பெயர், தொகை, எத்தனை நாள். வீட்டில் காட்ட மறுத்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

விலையை ஏற்றுவதா, சிக்கரியைக் கூட்டுவதா என்று வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. சிக்கரி குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளையும் ஒரு கிழங்கு, கொட்டையைவிட எவ்வளவோ மலிவு, டிகாக்‌ஷனுக்குக் கறுப்பும் கெட்டியும் கொடுக்கும், ஹோட்டல்காரர்கள் கொஞ்சம் அதிகமாகவே கேட்பார்கள். 80-க்கு 20 கலவையைச் சத்தமில்லாமல் 70-க்கு 30 ஆக்கினால் விலையை அப்படியே வைத்துக்கொள்ளலாம், பலர் அதைத்தான் செய்கிறார்கள் என்று சித்தப்பா சொன்னார். அப்பா ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றார். உணவுப் பாதுகாப்பு விதிப்படி காப்பி சிக்கரிக் கலவையில் காப்பி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், எவ்வளவு காப்பி எவ்வளவு சிக்கரி என்று பாக்கெட்டில் போட வேண்டும். 70-க்கு 30 சட்டத்துக்குள்தான் வருகிறது, ஆனால் 80 என்று அச்சடித்துவிட்டு 70 கொடுப்பது வராது. கடைசியில் முடிவானது: பழைய கலவை அப்படியே, விலை மட்டும் ஏறும். விலை தாங்காதவர்களுக்கு 70-க்கு 30 என்று பெரிதாக எழுதிய தனிப் பாக்கெட். ரொபஸ்டா அதிகம் சேர்த்து அராபிகாவைக் குறைத்த ஒரு மூன்றாவது கலவையையும் வறுக்கும் அண்ணன் உருவாக்கிக் கொடுத்தார். விலை உயர்வை ஒரு வாரம் முன்பே கடையில் எழுதிப் போட்டோம், ஹோட்டல்காரர்களுக்கு நானே போன் செய்து சொன்னேன். சிலர் போய்விட்டார்கள். வீட்டுக்கு வாங்குபவர்களில் போனவர்கள் மிகக் குறைவு, கால் கிலோ வாங்கியவர்கள் 200 கிராம் என்று குறைத்துக்கொண்டார்கள். நாங்கள் ஏமாற்றவில்லை என்று அவர்களுக்குத் தெரியும், அப்பா முப்பது வருடமாகச் சேர்த்து வைத்த முதல் அதுதான்.

வசூலில் என் பழைய வேலை நேரடியாக உதவியது. பணம் கொடுக்கும் பக்கம் உட்கார்ந்திருந்தவளுக்கு, பணம் ஏன் தாமதமாகிறது என்று தெரியும். பெரிய கேண்டீன் நடத்தும் நிறுவனங்களில் நம் பில் தாமதமாவதற்குப் பாதி நேரம் கெட்ட எண்ணம் காரணமே இல்லை: பில்லில் கொள்முதல் எண் இல்லை, சரக்கு வாங்கியவர் கையெழுத்து போட்ட ரசீதை இணைக்கவில்லை, மாதக் கடைசியில் அனுப்பியதால் அடுத்த சுற்றுக்குப் போய்விட்டது. சித்தப்பா அங்கே போய் மேனேஜரைப் பார்த்து டீ குடித்துவிட்டு, "வெள்ளிக்கிழமை போட்டுடறோம்னாங்க" என்று திரும்பி வருவார். நான் கணக்குப் பிரிவில் யார் பில்லைப் பதிவு செய்கிறார் என்று கேட்டு, அவருக்கு வேண்டிய எல்லாத் தாளையும் ஒரே கோப்பாக அனுப்பினேன். பாதிப் பாக்கியைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த மூவரில் ஒரு நிறுவனத்தின் பாக்கி இப்படியே சீரானது.

இன்னொன்றும் உதவியது. காப்பி வறுத்து அரைப்பது, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யமில் உற்பத்தி வகையில் வருகிறது. உற்பத்தியோ சேவையோ செய்யும் குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லையென்றால் 15 நாளிலும் பணம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். 2023-24 நிதியாண்டிலிருந்து, அந்தக் கெடுவைத் தாண்டி வருடக் கடைசியிலும் பாக்கி வைத்திருந்தால், வாங்கியவர் அந்தச் செலவை அந்த வருட வருமானத்தில் கழிக்க முடியாது, கொடுக்கும் வருடத்தில்தான் கழிக்கலாம். வாங்கி விற்பது மட்டும் செய்யும் கடைகளுக்கு இந்தச் சலுகை கிடையாது, அதனால் உங்கள் கடை எந்த வகை என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் உத்யம் எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சடித்தோம். மிரட்டவில்லை, சண்டை போடவில்லை. பிப்ரவரி, மார்ச் வந்தால் அவர்களுடைய ஆடிட்டரே பாக்கியைப் பற்றிக் கேட்க ஆரம்பிக்கிறார்.

சின்ன டீக்கடைக்காரர்களிடம் இந்தச் சட்டம் எதுவும் எடுபடாது, எடுபடவும் வேண்டியதில்லை. அவர்களிடம் தினமும் கல்லாவில் பணம் இருக்கிறது. மாதப் பாக்கியை வாரப் பாக்கியாக மாற்றினோம், ஒவ்வொரு திங்களும் முந்தைய வாரத்துப் பணம் கொடுத்தால்தான் புதுத் தூள் போகும். கடனைக் குறைத்ததற்குக் கிலோவுக்குக் கொஞ்சம் விலை குறைத்தோம், அந்தக் குறைப்பு வங்கி வட்டியைவிடக் குறைவாகத்தான் வந்தது. ஒரு மெஸ்காரரின் செக் திரும்பி வந்தபோது மட்டும் வக்கீலிடம் போக வேண்டியிருந்தது. வங்கி செக்கைத் திருப்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அவர் பணம் கொடுக்க 15 நாள், அதற்குள் கொடுக்கவில்லை என்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். நோட்டீசிலேயே பணம் வந்துவிட்டது. தெரிந்தவர் ஆயிற்றே என்று அந்த முப்பது நாளைக் கடத்திவிட்டால் அந்த வழி கடினமாகிவிடும், இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பில் விஷயத்தையும் சொல்ல வேண்டும். பச்சைக் கொட்டைக்கு ஜி.எஸ்.டி. இல்லை, வறுத்ததற்கு 5 சதவீதம். சாதாரண ஹோட்டல்கள் 5 சதவீத வரி கட்டிக்கொண்டு, வாங்கும் பொருளின் வரியைக் கழித்துக்கொள்ள முடியாத முறையில் இருப்பவை, அதனால் அவர்களுக்கு நம் பில் கிடைப்பதில் வரி லாபம் எதுவும் இல்லை, 'பில் வேண்டாம், அந்த அஞ்சு பர்சென்டைக் குறைங்க' என்பார்கள். 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யு.பி.ஐ. வரவை வைத்துச் சிறு கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியபோது பெங்களூரில் எத்தனையோ டீக்கடை, பேக்கரி வாசலில் க்யூ.ஆர். அட்டையை எடுத்துவிட்டு ரொக்கம் மட்டும் என்று எழுதி ஒட்டினார்கள். எங்கள் வாடிக்கையாளர்கள் பலர் பயந்துபோய் என்னிடம் வந்து கேட்டார்கள். அவர்களோடு உட்கார்ந்து ஜி.எஸ்.டி. பதிவுக்கான விற்பனை வரம்பு என்ன, எதைக் கணக்கில் எடுப்பார்கள் என்று பேசினேன், ஆடிட்டரிடம் அனுப்பி வைத்தேன். எல்லாவற்றுக்கும் பில் என்று நாங்கள் வைத்ததால் கொஞ்சம் வியாபாரம் போனது உண்மை. ஆனால் வங்கி வரம்பு உயர்ந்தது அந்த பில்களின் பலத்தில்தான்.

பெண் என்பதால் வந்த சங்கதி ஒன்று. கொட்டை வியாபாரிகளும் புரோக்கர்களும் போனில் என்னிடம் விலை சொல்லிவிட்டு, பத்து நிமிடம் கழித்து அப்பாவுக்குப் போன் செய்து வேறு விலை சொல்வார்கள். ஹோட்டல்காரர்கள் என்னிடம் கடன் கிடைக்கவில்லை என்றால் சித்தப்பாவிடம் போவார்கள். இதில் என்னை நிரூபிக்க நான் முயலவில்லை, அப்பாவிடமும் சித்தப்பாவிடமும் ஒரு விஷயம் மட்டும் கேட்டேன்: கொள்முதல் விலையும் கடன் வரம்பும் என் பொறுப்பு என்று முடிவானால், யார் போன் செய்தாலும் 'பொண்ணுகிட்டப் பேசுங்க' என்று நீங்கள் சொல்ல வேண்டும். அப்பா உடனே மாறிவிட்டார். சித்தப்பாவுக்கு நாளானது, பழைய நண்பர்களிடம் இல்லை என்று சொல்வது அவருக்குக் கஷ்டம். அவருக்கென்று ஒரு சிறு தொகை ஒதுக்கினோம், அதற்குள் அவர் யாருக்கு வேண்டுமானாலும் கடன் கொடுக்கலாம், கேள்வி கிடையாது. அந்த ஏற்பாடு இன்றும் நடக்கிறது. குடும்பத் தொழிலில் மூத்தவர்களின் கையிலிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது, பிடுங்கவும் கூடாது. கல்யாணச் சமையல்காரர்கள் இன்றும் சித்தப்பாவைத் தேடித்தான் வருகிறார்கள்.

நான் இழந்ததையும் சொல்லிவிடுகிறேன். சனி, ஞாயிறு போய்விட்டது, பண்டிகைக்கு முந்தின வாரம் வீடே இல்லை. என் கணவருக்கு வேலை இருப்பதால்தான் வீட்டுச் செலவு சமாளிக்கிறது, அவர் சம்பளம் இல்லாமல் நான் இதைச் செய்திருக்க முடியாது. உங்கள் வீட்டில் ஒரே சம்பளம் என்றால் குறைந்தது ஒரு வருடச் செலவைத் தனியாக எடுத்து வைக்காமல் வராதீர்கள், அந்தப் பணத்தைக் கடைக்குள் கொண்டுவரவும் கொண்டுவராதீர்கள், எவ்வளவு நெருக்கடி வந்தாலும்.

கடைசியாகக் கூட்டு ஒப்பந்தம். அப்பாவும் சித்தப்பாவும் எழுதிய பழைய ஒப்பந்தம் பதிவு செய்யப்படாதது. 1932-ம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி, பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் ஒப்பந்தப்படி வர வேண்டிய பணத்துக்காக வெளியாள் மேல் வழக்குப் போட முடியாது. பாக்கிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இதைக் கேட்டபோது எங்கள் எல்லோருக்கும் திக்கென்றது. புதிதாக எழுதிப் பதிவு செய்தோம். என்னைப் பங்குதாரராகச் சேர்த்தோம், எவ்வளவு பங்கு, வேலை செய்பவருக்கு எவ்வளவு ஊதியம், ஒருவர் விலகினால் கடையின் பெயர் யாருக்கு, ஒருவர் இறந்தால் அவர் குடும்பத்துக்கு எப்படிக் கணக்கு முடிப்பது என்று எல்லாம் எழுதினோம். மகளுக்கு எதற்குப் பங்கு என்று உறவில் சிலர் கேட்டார்கள், அம்மாதான் பதில் சொன்னார். உங்கள் கடை அப்பா பெயரில் தனி உரிமையாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. ஜி.எஸ்.டி. பதிவு அவருடைய பான் எண்ணோடு கட்டப்பட்டது, அவருக்கு ஏதாவது ஆனால் புதுப் பதிவு எடுத்து, சரக்கு வாங்கியபோது கட்டியதில் கழிக்காமல் மீதியிருக்கும் வரி வரவை அதற்கு மாற்ற வேண்டும், வங்கிக் கணக்கும் நின்றுவிடும். அவர் நன்றாக இருக்கும்போதே கூட்டு நிறுவனமாக மாற்றிக்கொள்வது சுலபம்.

சித்தப்பா மகன் இப்போது பி.காம். கடைசி வருடம், கடைக்கு வரட்டுமா என்று கேட்கிறான். முதலில் இரண்டு வருடம் வெளியே ஏதாவது ஒரு கணக்குப் பிரிவில் வேலை செய்துவிட்டு வா என்று சொல்லியிருக்கிறேன். வருபவர் யாராக இருந்தாலும் முதலில் சம்பளத்துக்கு, அதற்கப்புறம்தான் பங்கு என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி சேர்த்திருக்கிறோம், சித்தப்பாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தச் சம்பளம் எவ்வளவு என்பதில் மட்டும் வீட்டில் பேச்சு இன்னும் முடியவில்லை.